அந்தியூர்த் தேரில் மாடு பார்க்கப் பழகியது

மாடு வாங்கும் எண்ணம் துளியும் இல்லாதவர்கள்கூட ஒரு தடவையாவது அந்தியூர்த் தேர்ச் சந்தைக்குப் போய்வர வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போகிறவர்களில் பாதிப்பேர் ராட்டினத்தையும் ஆடுகிற குதிரையையும் பார்த்துவிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு உயிரை நின்று நிதானமாகப் பார்த்து, அதன் வயதையும் உடம்பையும் குணத்தையும் படித்துச் சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் அந்தச் சந்தையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டும் வருகிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது என்ற பதைப்பில் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு மாவட்டம் அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் இருக்கிறது. ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை வரைக்கும் பண்டிகை. வடம் பிடித்து இழுக்கிற தேர் கிடையாது. குருநாதசாமி, பெருமாள், காமாட்சியம்மன் மூன்று தெய்வங்களையும் உயரமான மகமேரு தேர்களிலும் பல்லக்கிலும் வைத்து, ஆட்கள் தோளில் சுமந்தே வனக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அதே நான்கு நாளும் சுற்றியுள்ள காடுகளில் (எங்கள் பக்கம் விளைநிலத்தையும் காடு என்போம்) குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை பிடித்தார் என்று சொல்லாத பெரியவர் எங்கள் பக்கம் இல்லை. மைசூர்ச் சீமையிலிருந்து கொள்ளேகால், பர்கூர் மலை வழியாகக் கீழே இறங்கினால் மலையடிவாரத்தில் வருகிற ஊர் அந்தியூர். அந்தப் பாதையில் ஒருமுறை வந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும்.

என் அம்மா பிறந்த ஊர் ஆப்பக்கூடல் பக்கம். எண்பதுகளில் ஒவ்வொரு ஆடிக்கும் அப்புச்சி (அம்மாவின் அப்பா) எங்களைக் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். இரவுச் சோறு முடிந்ததும் வண்டி பூட்டினால் விடிவதற்குள் அந்தியூர் எல்லைக்குப் போய்ச் சேரும். வண்டிக்குள் வைக்கோல்மேல் ஜமுக்காளம், அதன்மேல் நாங்கள் ஐந்தாறு பிள்ளைகள், காலடியில் அம்மாயி (அம்மாவின் அம்மா) கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுத் தூக்கு. வழி நெடுக முன்னாலும் பின்னாலும் வண்டிகள். ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் ஒரு லாந்தர் ஆடிக்கொண்டே வரும்.

பிள்ளைகளுக்கு அங்கே வேடிக்கைக்குப் பஞ்சமே இல்லை. மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார்கள். பலகை மொத்தமும் அதிரும். ஒரு கூடாரத்தில் பெண் தலையும் பாம்பு உடம்புமாக ஒருத்தி படுத்துக்கொண்டு கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வாள். அட்டையில் வரைந்த ஆகாய விமானத்தின் ஜன்னலில் தலையை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொள்வோம். கையால் சுற்றுகிற மரராட்டினத்தில் நான்கு பெட்டி இருக்கும். சுற்றுகிறவர் களைத்துப்போனால் நம்மை உச்சியிலேயே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். கண்ணாடி வளையல், பனையோலைக் கிலுகிலுப்பை, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் செய்த கடலைமிட்டாய். இவற்றோடு கலந்து லாடக்காரர்களின் சுத்தியல் சத்தம், சாட்டைக்கடையில் சொடுக்கிக் காட்டுகிற சத்தம், சலங்கைக்கடையில் உலுக்கிக் காட்டுகிற சத்தம்.

அப்புச்சி எங்களை இந்தக் கடைகளில் அரைநாள்தான் விடுவார். மீதி நேரம் அவரோடு மாடுகளுக்குள் நடக்க வேண்டும். பேரன்கள் ராட்டினத்துப் பக்கம் நழுவிவிடுவார்கள். நான் அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவேன். பொம்பளைப்பிள்ளையை எதுக்கு மாட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுத் திரியறீங்க என்று யாராவது கேட்டால், “கண்ணு இருக்கறவங்க பாத்துட்டுப் போறாங்க, உனக்கென்ன?” என்பார். அன்றைக்குச் சந்தைக்குள் பெண்களைப் பார்ப்பது அபூர்வம். பலகாரம் விற்கிறவர்களும் கயிறு விற்கிறவர்களும்தான் இருப்பார்கள்.

அன்றைக்குச் சந்தையின் நடுநாயகம் உழவு எருதுகள்தான். ஆடிப்பட்டம் விதைக்கிற நேரம். ஏருக்கும் வண்டிக்கும் ஜோடி தேவை. எருதுகளைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையால் இறைத்த காலத்தில் இன்னும் அதிகம் வந்தது என்பார் அப்புச்சி. நான் பார்த்தபோதே மின்மோட்டார் வந்து கவலை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் காங்கேயம் எருதுகள் வரிசை வரிசையாக நிற்கும். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தைச் சொல்லித்தான் மாட்டைக் குறிப்பார்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலாகும். பூச்சிக்காளைக்கு, அதாவது பொலிகாளைக்கு, வயது ஏற ஏறத் திமிலும் கழுத்தும் கறுத்து வரும். காயடித்தால் அந்தக் கறுப்பு வெளுத்துவிடும். செந்நிறக் கன்றைப் பார்த்துவிட்டு இது காங்கேயமே இல்லை என்று தள்ளிப்போகிற புதியவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். தாய்மாட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்னொரு பக்கம் பர்கூர் மலையிலிருந்து இறங்கிய செம்மறை மாடுகள் கூட்டமாக நிற்கும். செம்பழுப்பு உடம்பில் வெள்ளையை வாரித் தெளித்தது மாதிரி இருக்கும். காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கிற மாடு. மனிதரைக் கண்டால் மிரளும். பால் கொஞ்சம்தான். மலைக்காரர்கள் அதை வைத்திருந்ததே எருவுக்கும் கன்றுக்கும் ஓட்டத்துக்கும்தான். அப்புச்சி செம்மறைகளுக்குப் பக்கத்தில் போனதும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். மாட்டுக்குள் நிற்கும்போது குடையைச் சட்டென்று விரிக்கக் கூடாது, துண்டை உதறக் கூடாது. இன்றைக்கு இதோடு செல்போன் ஃபிளாஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத காளை அந்த வெளிச்சத்துக்கு ஒதுங்கும்போது பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் காலில்தான் மிதிக்கும்.

மாட்டைப் பார்க்கிற முறை ஒன்று அவரிடம் இருந்தது. முதலில் பக்கத்திலேயே போகமாட்டார். பத்தடி தள்ளி நின்று, மாடு படுத்திருந்தால் அது எழுந்திருக்கும்வரை காத்திருப்பார். இடுப்பிலோ முட்டியிலோ கோளாறு இருந்தால் எழுந்திருக்கும்போதே தெரிந்துவிடும். அசை போடுகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, சாணி எப்படி என்பதைத் தள்ளி நின்றே பார்த்துவிடலாம். பிறகுதான் உரிமையாளரிடம் பேச்சு. “நாலெட்டு நடத்திக் காட்டுங்க” என்பார். வண்டித்தடத்தில் புழுதி இருக்கிற இடமாகப் பார்த்து நடத்தச் சொல்வார். முன்கால் குளம்பு பதிந்த அடையாளத்தின்மேலோ அதைத் தாண்டியோ பின்கால் விழுந்தால் நடை நீளம், வேலைக்கு ஆகும். பின்னாலேயே விழுந்துவிட்டால் இழுத்து நடக்கிற மாடு. குனிந்து அந்தப் புழுதியில் விரல் வைத்து எனக்குக் காட்டுவார். அந்தக் குளம்புத் தடத்தின் ஓரத்தில் மண் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்றுகூடப் பார்ப்பார். ஒருபக்கமாகத் தள்ளியிருந்தால் காலைச் சாய்த்து வைக்கிற மாடு.

அடுத்தது பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. கன்றுப் பருவத்தில் எட்டும் பால்பல். இரண்டு, இரண்டரை வயதில் நடுவில் இரண்டு விழுந்து பெரிய பல் முளைக்கும். அது இரண்டு பல் மாடு. மூன்று வயதை ஒட்டி நான்கு, அப்புறம் ஆறு, ஐந்து வயதுக்குள் எட்டும் வந்துவிடும். அதைத்தான் கடை சேர்ந்தது என்பார்கள். கடை சேர்ந்த பிறகு பல் தேய்வதைப் பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டும். அது அனுபவக்காரர் வேலை. பசுவின் கொம்பில் வளையம் இருக்கும், ஈற்றுக்கு ஒன்றென்று கணக்குப் பண்ணலாம். அதனாலேயே கொம்பைச் சீவி எண்ணெய் தடவிப் பளபளவென்று கொண்டுவருவார்கள். கொம்பு அளவுக்குமேல் பளபளத்தால் வாயைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள்.

மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற சுழி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோபுரச்சுழி, ராஜசுழி, லட்சுமிச்சுழி இருந்தால் விலை ஏறும். பாடைச்சுழி, துடைப்பச்சுழி இருந்தால் மாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆள் ஒதுங்கிப் போவார்கள். அப்புச்சி சுழியைத் தெரிந்துவைத்திருந்தார், நம்பவில்லை. ஒரு வருஷம் ஆகாத சுழி என்று எல்லோரும் கழித்த கிடாரி ஒன்றை மலிவாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மாயி வாசலிலேயே நிறுத்தி இரண்டு நாள் பேசவில்லை. அந்தக் கிடாரியின் கன்று வழியில் வந்த மாடுகள் எங்கள் மாமா கட்டுத்தறியில் வெகுகாலம் இருந்தன. சுழி மாட்டின் உடம்பில் எதையும் மாற்றுவதில்லை, விலையைத்தான் மாற்றுகிறது. நீங்களே வைத்து வளர்க்கப் போகிறீர்கள் என்றால் சுழி சரியில்லாத நல்ல மாடு உங்களுக்கு லாபம். நாளைக்கு விற்கிற எண்ணம் இருந்தால் அதே சுழி உங்கள் தலையில் விடியும்.

விலை பேசுவது துண்டுக்குள். விற்பவரும் தரகரும் கையைக் கோத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். வாயால் பேசுவதெல்லாம் வேறு: “அட, இப்பிடிச் சொன்னா எப்பிடிங்க”, “நம்ம மாமன்தான், பாத்துச் சொல்லுங்க”. முகத்தில் ஒன்றும் தெரியாது. மறுநாள் என் உள்ளங்கையைத் துண்டால் மூடி, அப்புச்சி விரலை அழுத்தி அழுத்தி இது எவ்வளவு, அது எவ்வளவு என்று கேட்டுப் பழக்கினார். அந்த ரகசியத்தில் ஒரு மரியாதை இருந்தது. கேட்ட விலை குறைவாக இருந்தாலும் நாலுபேர் காதில் விழாது. விற்கிறவருக்குத் தலைகுனிவு இல்லை. வாங்காமல் போனாலும் முறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பேரம் முடிந்தால் அச்சாரம். அப்புச்சி புதுக்கயிறு ஒன்றை முன்கூட்டியே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டுதான் பேரத்துக்குப் போவார். விற்றவரின் கயிற்றை அவிழ்த்து அவரிடமே கொடுத்துவிட்டு, தன் கயிற்றைக் கட்டிக்கொண்டு வருவார்.

தொண்ணூறுகளில் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் உழவு எருதுக்குக் கேட்பு விழுந்தது. ஒரு ஜோடியை வருஷம் முழுக்கத் தீனி போட்டு வைத்திருப்பதைவிட, ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்து அரைநாளில் உழுதுவிடலாம். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது; என் மாமாவும் அதைத்தான் செய்தார். ஆனால் எருதுகள் நின்ற இடத்தைக் குதிரைகள் பிடித்துக்கொண்டன. முன்பும் குதிரை வந்துகொண்டுதான் இருந்தது. வண்டிக் குதிரைகளும் மட்டக்குதிரைகளுமாக. இன்றைக்கு மார்வாரி, காத்தியவாரி, நுக்ரா என்று வடக்கத்திக் குதிரைகள் லாரியில் வந்து இறங்குகின்றன. மேளத்துக்கு ஆடுகிற குதிரையைச் சுற்றி நூறு செல்போன். விலை லட்சங்களில் சொல்கிறார்கள்.

குதிரையை நான் வாங்கியதில்லை. குதிரை வைத்திருக்கும் உறவுக்காரர்களோடு சுற்றியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மார்வாரிக்கும் காத்தியவாரிக்கும் காது நுனி உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். நுக்ரா என்று சொல்லி வெள்ளைக் குதிரையைக் காட்டினால் மூக்கு நுனியையும் கண்ணோரத்தையும் பாருங்கள். தோல் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். தோல் கறுப்பாக இருந்து மயிர் மட்டும் வெள்ளையென்றால் அது வயதாகி வெளுத்த சாம்பல் குதிரை. நல்ல குதிரையாகவே இருக்கலாம், ஆனால் நுக்ரா விலைக்கு ஆகாது. குதிரைக்கு ஐந்து வயதில் முன்பல் எல்லாம் மாறி முடிந்துவிடும். கிளாண்டர்ஸ் என்றொரு நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் அச்சாரம் கொடுக்கக் கூடாது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் குதிரைக்குப் பின்னால் நிற்கவிடாதீர்கள். இடது தோள் பக்கமாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நெருங்கப் பழக்குங்கள்.

மாட்டுப் பக்கம் நடந்த மாற்றங்கள் சட்டத்தாலும் நோயாலும் வந்தவை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டதும் காளைக்கன்றுகளுக்குக் கேட்பே இல்லாமல் போனது. உழவும் இல்லை, வாடிவாசலும் இல்லை, ரேக்ளாவும் இல்லை என்றால் காளையை யார் வளர்ப்பார்கள்? 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்த ஆடியில் காளைகளைச் சுற்றி இளவட்டக் கூட்டம் நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே வருஷம் மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்து, வெட்டுக்கு மாடு விற்கச் சந்தையில் இடமில்லை என்றது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மாதக் கடைசியிலேயே இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் தரகர்கள் பட்ட குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. கிழமாட்டை விற்க வழியில்லாத விவசாயி அடுத்த கன்றை வாங்கமாட்டார் என்பது கட்டுத்தறி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

பிறகு கொரோனா. 2020, 2021 இரண்டு வருஷமும் சந்தை கூடவில்லை. 2022இல் கூடியபோது வழக்கமாக வருகிற வயதானவர்கள் பலரைக் காணோம். அதே சமயத்தில் நாடு முழுக்கத் தோல் கட்டி நோய் பரவியதால் மாட்டுக்காரர்கள் பயந்து பயந்துதான் மாட்டை இறக்கினார்கள்.

எனக்கு மிகுந்த கவலை செம்மறையைப் பற்றித்தான். அது காட்டில் மேய்ந்தால்தான் அது. வனங்களில் மாடு மேய்ப்பதற்கு 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்து, பின்னர் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகிய இடங்களுக்கு மட்டும் என்று மாற்றியது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களின் காடுகளில் சுமார் 800 சதுர கிலோமீட்டரைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. காடும் யானையும் புலியும் காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே பட்டி போட்ட லிங்காயத்து, ஊராளிக் குடும்பங்களின் மேய்ச்சல் உரிமையை எழுத்தில் உறுதி செய்யாமல் இந்த இனத்தைக் காப்பாற்றவே முடியாது. ஆராய்ச்சிப் பண்ணையில் கட்டிவைத்து விந்து எடுக்கலாம். காட்டில் ஓடிப் பழகிய காலை எங்கே போய் எடுப்பது? மலைக்காரர்கள் பட்டியைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். தேரில் செம்மறை நிற்கிற வரிசையும் அதற்கேற்பச் சுருங்கித்தான் வருகிறது.

நல்ல மாற்றமும் ஒன்றுண்டு. இன்றைக்குப் பெண்கள் சந்தைக்குள் வருகிறார்கள், காளையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள். அப்புச்சி காலத்துக்குப் பிறகு நானே தனியாகப் போய்க் கிடாரி பிடித்தேன். முதல்முறை தரகர் என்னோடு பேசாமல் என் வீட்டுக்காரரைத் தேடினார். நான் மாட்டின் வாயைத் திறந்து, “ஆறு பல்லுங்க, நாலுன்னு சொன்னீங்களே” என்றதும், “யாரு வூட்டுப் புள்ளைங்க அம்மிணி நீங்க?” என்று கேட்டார். அதற்குமேல் பேரம் என்னோடுதான் நடந்தது. விலை தெரியாவிட்டாலும் பல் தெரிந்தால் மரியாதை கிடைக்கும்.

கறவை வாங்குபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மடி பெருத்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒருவேளை கறக்காமல் விட்டு மடியைக் கட்டவைத்துக் கொண்டுவருவது பழைய தந்திரம். சாயங்காலம் ஒன்று, மறுநாள் காலை ஒன்று என்று இரண்டு கறவை உங்கள் கண்முன்னால் நடக்க வேண்டும். நான்கு காம்பிலும் நீங்களே பீய்ச்சிப் பாருங்கள். ஒரு காம்பில் திரியாக வந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ மடிநோய். காங்கேயத்திடம் போய்ப் பத்து லிட்டர் கேட்பதும் தவறு. வீட்டுக்குப் பாலும் காட்டுக்கு எருவும் கன்றும் என்று நினைத்தால் மட்டும் நாட்டுமாடு வாங்குங்கள். காங்கேயம் மட்டுமே வேண்டுமென்றால் ஆடிவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் மாட்டுத்தாவணி கூடுகிறது. பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமைத் தாவணி இருக்கிறது.

காதில் பன்னிரண்டு இலக்க எண் போட்ட மஞ்சள் தோடு இருக்கிறதா என்று பார்த்து அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் கால்நடை மருந்தகத்தில் பெயர் மாற்றிப் பதியலாம். எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்பதும் அதில் தெரியும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே இலவசமாக ஊசி போடுகிறது. அது போடாத மாட்டைச் சந்தைக்கூட்டத்திலிருந்து பிடித்துப்போவது வீட்டில் இருக்கிற மாடுகளுக்கும் ஆபத்து. 2013இல் கோமாரி வந்தபோது எங்கள் ஊரில் கட்டுத்தறிகள் காலியானதைப் பார்த்தவள் நான். வாங்கிய மாட்டை மூன்று நான்கு வாரம் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி தனி, தீனி தனி, முடிந்தால் கவனிக்கிற ஆளும் தனி. முதல் இரண்டு மூன்று நாள் சோளத்தட்டும் தண்ணீரும் போதும். பாசத்தில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அள்ளி வைத்தால் வயிறு உப்பும். காய்ச்சலோ, வாயில் நுரையோ, தோலில் முடிச்சோ தெரிந்தால் 1962க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

ஏற்றிப்போகும்போது மருத்துவர் சான்று கையில் இருக்கட்டும். சாதாரண லாரியில் ஆறு பெரிய மாட்டுக்குமேல் ஏற்றக்கூடாது என்று விதி இருக்கிறது. தரையில் மணலோ வைக்கோலோ போட்டால்தான் வழுக்காது. வெயிலில் கிளம்பாமல் பொழுது சாய்ந்து கிளம்புங்கள்.

எந்த நாள் போவது என்று கேட்பவர்களுக்கு: சாமி வனக்கோயிலுக்குப் போவதைப் பார்க்க வேண்டுமென்றால் புதன்கிழமை. அன்றைக்கு மாடு பார்க்க முடியாது, கூட்டம் நெரியும். மாடு பார்க்க வியாழக்கிழமை விடிகாலை. குளிப்பாட்டிச் சலங்கையும் நெற்றிப்பட்டமும் கட்டுவதற்கு முன்னால், இரவு படுத்த கோலத்திலேயே பார்க்கலாம். வயதான மாட்டுக்காரர்களுக்கும் அந்த நேரத்தில்தான் பேசப் பொழுது இருக்கும், ஒரு டீ வாங்கிக்கொடுத்து, “ஐயா, இது எத்தன பல்லுங்க?” என்று தொடங்கினால் போதும், வாயைத் திறந்து காட்டியே சொல்லிக்கொடுப்பார்கள். சனிக்கிழமை மதியத்துக்குமேல் விலை இறங்கும், திருப்பி ஏற்றிப்போகிற லாரி வாடகையை நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நல்ல மாடுகள் அதற்குள் கைமாறியிருக்கும். பிள்ளைக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்க வேண்டும் என்றால் மட்டும் சனிக்கிழமைக்குக் காத்திருங்கள்.